குற்றம் புரிந்தவன் பாடும் பாட்டு: ஓர் அறவியல் நோக்கு

கொலை புரிந்த ஒருவனின் கதை பாடப்படுகிறது. பாட்டு இனிமையாக இருக்கிறது. கேட்பவரின் கண்களில் நீர் துளிர்க்கிறது. அந்த நீர் கொல்லப்பட்டவளுக்காக அன்று, கொன்றவனுக்காகவே துளிர்க்கிறது. இவ்வநுபவம் அறத்தின்பாற் பட்டதா, அன்றா? இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா புதியதன்று. பிளேற்றோ தமது ‘குடியரசு’ என்னும் நூலிலே, நாட்டைக் காப்பதற்கென வளர்க்கப்படும் இளைஞர் இழிந்தோரையும் கயவரையும் போல நடித்தலாகாது என்றார். இளமையிற் பழகும் நடிப்பு நாளடைவில் இயல்பாகிவிடும் என்பது அவர் அச்சம். அவ்வச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திரையரங்கிலே கொள்ளைக்காரன் தோன்றும்போது எழும் சீழ்க்கை ஒலியைக் கேட்டவர் எவரும் பிளேற்றோவை முற்றாக மறுக்கத் தயங்குவர். ஆயினும் அவர் கேளாத ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. கயவன் தன்னைக் கயவன் என்று தானே ஒப்புக்கொண்டு பாடுவானாயின், அதுவும் கயமையைப் பரப்புதல் ஆகுமா?

இச்சிந்தனைக்கு என்னை இட்டுச்சென்றது, சற்றும் எதிர்பாராதவாறு, ஓர் அமெரிக்க இசைத்தட்டு. 1975இல் வில்லி நெல்சன் என்னும் பாடகர் வெளியிட்ட ‘ரெட் ஹெடெட் ஸ்ரேஞ்சர்’ என்பது அதன் பெயர். செம்முடி கொண்ட அந்நியன் என்று நாம் பொருள் கொள்ளலாம். நெல்சன் 1933இல் ரெக்சாஸ் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். கன்ட்ரி எனப்படும் அந்நாட்டுக் கிராமிய இசையின் தலைநகரான நாஷ்விலில் பாட்டெழுதிப் புகழ்பெற்றும், பாடகராக அங்கு பெரிதாக நிலைகொள்ளாதவர். பாடகன் எதைப் பாடவேண்டும், எந்த வாத்தியம் ஒலிக்கவேண்டும், எத்தனை வயலின்கள் பின்னணியிற் சேரவேண்டும் என்பனவற்றையெல்லாம் அந்நகரத்து இசைத்தட்டுத் தயாரிப்பாளரே தீர்மானித்தனர். அந்த ஒழுங்கை விட்டு விலகி, 1972இல் அவர் ரெக்சாசுக்கே மீண்டார். அவரையும் வேலன் ஜென்னிங்ஸ் போன்ற அவர் தோழரையும் ‘சட்டத்துக்குப் புறம்பானவர்கள்’ என்று பத்திரிகைகள் அழைக்கலாயின. இவர்கள் மீறிய சட்டம் யாதெனில், ஒலிப்பதிவுக் கூடத்தின் சட்டமே. வேறு பெருஞ் சட்டம் எதையும் மீறியதற்காக அப்பெயர் வந்ததன்று.

கொலம்பியா நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, எதை எவ்வாறு பதிவு செய்வது என்னும் உரிமை முழுவதும் நெல்சனுக்கே இருந்தது. அவர் ரெக்சாசிலேயே ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில், கிற்றாரும் பியானோவும் மவுத் ஓர்கனும் இன்னுஞ் சில கருவிகளும் மட்டும் ஒலிக்க, பாட்டுகளைச் சில நாட்களிற் பதிவு செய்தார். அதைக் கேட்ட நிறுவனத்து அதிகாரிகள் இது முடிந்த வேலையன்று, மாதிரிப் பதிவே என்று எண்ணினராம். வெற்றிடம் மிகுந்த அந்தப் பதிவே பின்னர் பல இலட்சம் பிரதிகள் விற்றது.

அதன் கதை இது. ஒரு மதபோதகன். அவன் மனைவி தன் பழைய காதலனுடன் சென்றுவிடுகிறாள். போதகன் தேடிச்சென்று இருவரையும் சுட்டுக் கொல்கிறான். பின்னர் கறுப்புக் குதிரையொன்றில் தான் ஏறி, இறந்த மனைவியின் குதிரையையும் உடன் நடத்திக்கொண்டு ஊர் ஊராக அலைகிறான். ஓர் ஊரில் பொன்னிறக் கூந்தலுடைய பெண்ணொருத்தி அந்த இரண்டாவது குதிரையின்மேல் ஆசை வைக்கிறாள். அவள் அதைப் பற்றியதும் அவளையும் சுட்டுக் கொல்கிறான். குதிரை திருட வந்தவளைக் கொன்றவனைத் தூக்கிலிட முடியாது என்று ஊரார் அவனை விட்டுவிடுகின்றனர். இசைத்தட்டின் மறுபக்கத்தில் அவன் வேறொரு பெண்ணின் அன்பிலே அமைதி காண்கிறான். இப்பாட்டுகள் யாவும் நெல்சன் இயற்றியவையல்ல. கதையின் கருவான பாட்டு 1950களில் வேறிருவர் எழுதியது. அதை அவர் தம் பிள்ளைகளை உறங்க வைக்கப் பாடுவதுண்டாம். கொலை நிகழும் பாட்டைத் தாலாட்டாகக் கேட்டு உறங்கிய பிள்ளைகளை நினைக்க எனக்கு ஒருபுறம் சிரிப்பும் ஒருபுறம் வியப்பும் உண்டாகின்றன. ஆனால் எம் பாட்டிமார் சொன்ன கதைகளில் மட்டும் இரத்தம் குறைவாகவா இருந்தது?

பாட்டுகளைக் கேட்டபோது நானும் போதகனுக்காகவே இரங்கினேன். அவன் குரல் சோர்ந்திருந்தது, உண்மையாக இருந்தது. மனைவிக்குக் குரலே இல்லை. குதிரையை விரும்பிய பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. இதை நான் மூன்றாம் முறை கேட்டபோதுதான் உணர்ந்தேன். உணர்ந்தபின் பழைய இன்பம் முழுமையாகத் திரும்பி வரவில்லை.

இவ்விடத்திலே இன்னுமொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1968 ஜனவரியில் ஜொனி காஷ் என்னும் பாடகர் கலிபோர்னியாவின் பொல்சம் சிறைச்சாலையில், கைதிகள் முன்னிலையிற் பாடினார். காரணமின்றி ஒருவனைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லும் பாத்திரத்தின் பாட்டு அதிலொன்று. அவ்வரி வந்ததும் கூட்டத்திலிருந்து ஆரவாரம் எழுவதை இசைத்தட்டிற் கேட்கலாம். உண்மையில் கைதிகள் அவ்விடத்தில் ஆரவாரிக்கவில்லை. அவ்வொலி பின்னர் கூடத்திலே சேர்க்கப்பட்டது. கொலையென்றால் என்னவென்று அறிந்தவர் வாளாவிருந்தனர். அறியாத நமக்கு வேண்டியிருந்தது அந்த ஆரவாரம். பிளேற்றோ அஞ்சியது பாடுபவனைக் குறித்தா, கேட்பவனைக் குறித்தா என்று ஐயுற வைக்கும் நிகழ்ச்சி இது.

இனி நம் பக்கம் திரும்புவோம். குதிரைத் திருட்டும் குற்றவாளியின் தன்வரலாறும் தமிழுக்கு அந்நியமானவை அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தமிழிலே வளர்ந்த நொண்டி நாடகம் என்னும் இலக்கிய வகை முழுவதும் இவ்விரண்டின்மேலேயே எழுந்து நிற்கிறது. அதன் தலைவன் திருடன். தாசியின்பால் மையல் கொண்டு பொருளனைத்தும் இழக்கிறான். பொருள் தேடக் குதிரை திருடப் புகுந்து அகப்படுகிறான். தண்டனையாக அவன் கால் வெட்டப்படுகிறது. பின்னர் திருத்தலமொன்றை அடைந்து, இறையருளால் இழந்த உறுப்பை மீளப் பெறுகிறான். இக்கதையை வேறெவரும் நமக்குச் சொல்வதில்லை. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே மேடைக்கு வரும் அவன், ‘நான் இன்னது செய்தேன், இன்ன தண்டனை பெற்றேன்’ என்று தன் வாயாலேயே பாடுகிறான். அந்த நடைக்கு இசைந்து பிறந்ததே நொண்டிச் சிந்து. பாரதியார் ‘பாஞ்சாலி சபத’த்திற் பெரிதும் கையாண்ட சந்தம் அது. ஒரு குலத்தின் மானக்கேட்டைப் பாட வந்த கவிஞர், ஒரு திருடன் தன் குற்றத்தைப் பாடிய சந்தத்தையே எடுத்துக்கொண்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வகை ஒரு சமயத்தார்க்கே உரியதாகவும் இருக்கவில்லை. திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் அவன் முருகன் சந்நிதியை நாடுகிறான். சீதக்காதி நொண்டி நாடகத்தில் மக்காவை நோக்கிச் செல்கிறான். கத்தோலிக்கரிடையே ஞான நொண்டி நாடகம் உண்டு. சைவரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் தத்தம் புனித இடத்தின் வாயிலில் ஒரே நொண்டியை நிறுத்தினர். ஊருக்கு ஊர் சமயம் மாறும் மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்பவனுக்கு இது பொருளற்ற செய்தியன்று.

நம் பிரதேசத்தோடு நேரடித் தொடர்பும் இதற்குண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே மட்டக்களப்புக் கூத்தை நவீன அரங்குக்கு ஏற்ப அமைத்தபோது, 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. அடுத்த ஆண்டு மேடையேறியது ‘நொண்டி நாடகம்’. அம்முயற்சிகளிலே ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். கர்ணனைப் பற்றியும் அதன்பின் வந்த இராவணேசனைப் பற்றியும் நம் ஆய்வாளர் நிறையவே எழுதியுள்ளனர். நொண்டியைப் பற்றி அத்துணை எழுதப்படவில்லை. வீரனின் வீழ்ச்சியிலே நாம் பெருமையைக் காண்கிறோம். திருடனின் ஒப்புதலிலே சிரிப்பைத் தவிர வேறொன்றையும் காண மறுக்கிறோம் போலும்.

நொண்டிக்கும் நெல்சனின் போதகனுக்கும் இடையிலுள்ள வேறுபாடே எனக்கு முதன்மையாகப் படுகிறது. குதிரையைத் தொட்ட பெண்ணைக் கொன்ற போதகன் யாதொரு விலையும் கொடுக்கவில்லை. குதிரையைத் தொட்ட நொண்டியோ காலைக் கொடுத்தான். அவன் ஒவ்வொரு அடியை எடுத்து வைக்கும்போதும் அவ்விலை நம் கண்முன்னே நிற்கிறது. அவன் பாட்டின் தாளமே அவன் பெற்ற தண்டனை. ஆகவே அவனை இரசிப்பவன் அவன் குற்றத்தை மறந்து இரசிக்க இயலாது. போதகனின் பாட்டோ குற்றத்தை ஒரு துயரமாக மாற்றி, துயரத்தை ஓர் அழகாக மாற்றி, நம் கையில் அழகை மட்டும் தந்துவிடுகிறது. இத்தகைய அழகுக்குச் சந்தையும் உண்டு. 1976இல் நெல்சனும் ஜென்னிங்சும் வேறிருவரும் பாடிய பாட்டுகளைத் தொகுத்து, தேடப்படும் குற்றவாளிகளின் சுவரொட்டி போன்ற அட்டையுடன் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. கன்ட்ரி இசையில் பத்து இலட்சம் பிரதி விற்பனைக்கான பிளாட்டினம் சான்றிதழை முதன்முதற் பெற்றது அதுவே. சட்டத்தை மீறியவன் என்னும் பெயர் அவ்வாண்டிலேயே விற்பனைப் பண்டமாகிவிட்டது.

எனினும் நொண்டியையும் முழுமையாகப் போற்ற என் மனம் ஒப்பவில்லை. அவன் ஒப்புதலிலே ஒரு பெருங்குறை உண்டு. தன் வீழ்ச்சிக்குக் காரணம் தாசி என்கிறான். அவள் மயக்கினாள், அவள் பறித்தாள், அதனால் திருடினேன் என்பதே அவன் வாதம். போதகனுக்கு மனைவி எப்படியோ, நொண்டிக்குத் தாசி அப்படி. இரு நாட்டிலும் ஆண் செய்த குற்றத்திற்குப் பெண்ணே முன்னுரையாக வைக்கப்படுகிறாள். மேலும் நொண்டி முறையிடுவது தெய்வத்திடம். குதிரைக்குரியவன் எங்கே? அவன் முன் சென்று நொண்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தெய்வம் மன்னித்தது, கால் முளைத்தது, கதை முடிந்தது. இழந்தவனைக் கேளாமலே இழைத்தவன் நிறைவு பெறும் ஒப்புதல் அரைகுறையானதே என்பேன்.

முழுமையான ஒப்புதல் தமிழில் எங்கே உளது என்று தேடின், சிலப்பதிகாரத்து வழக்குரை காதைக்கே வரவேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியன் நாட்டுக்கே அரசன். ஒற்றைச் சிலம்பை ஏந்தி அவன் முன் நின்றவளோ ஆதரவற்ற அயலூர்ப் பெண். அவன் மறுத்திருக்கலாம், காவலர் மேல் பழியைப் போட்டிருக்கலாம், பொற்கொல்லனைக் காட்டியிருக்கலாம். பொற்கொல்லன் பொய் சொன்னவன் என்பது உண்மையுங்கூட. பாண்டியனோ தன் சிலம்பின் பரல் முத்து என்பதும் உடைந்த சிலம்பினின்று தெறித்தது மாணிக்கம் என்பதும் கண்டவுடன், கள்வன் தானே என்று சொல்லி வீழ்ந்து மாய்ந்தான். தெய்வத்தை நோக்கிச் சொன்னதன்று அது. அநீதி இழைக்கப்பட்டவளின் முகத்துக்கு நேரே சொன்னது. பிறர்மேற் பழி கூறாது சொன்னது. தனக்கு எதையும் மீளத் தரும்படி கேளாது சொன்னது.

அந்தக் கண்ணகி இன்று வணங்கப்படுவது எங்கே? காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் வாவியின் இருமருங்கிலுமுள்ள ஊர்களிலும் வைகாசி தோறும் அவளுக்குச் சடங்கு நிகழ்கிறது. கண்ணகி வழக்குரை பல நாட்கள் இராகத்தோடு பாடப்படுகிறது. இறுதி நாளிலேயே குளிர்த்தி. மதுரையை எரித்த சினம் தணியும்படி அம்மனைக் குளிர்விக்கும் சடங்கு அது. இவ்வொழுங்கைக் கவனிக்குமாறு வேண்டுகிறேன். முதலில் வழக்கு உரைக்கப்பட வேண்டும், பின்னரே குளிர்த்தி. வழக்குரையைப் பாடாமல் நேரே குளிர்த்திக்குப் போன கோயிலை யாம் கேள்வியுற்றதில்லை.

1990ஆம் ஆண்டின் இரண்டே மாதங்களை எடுத்துக்கொள்வோம். ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களின் பின் ஏறாவூரிலே நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் உறக்கத்திலே கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆந் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்களுள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், எவரும் மீளவில்லை. நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் நூற்றெண்பதுக்கு மேற்பட்டோர், குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். இவ்வூர்கள் யாவும் ஒரு சைக்கிளில் ஒரே நாளிற் சுற்றி வரக்கூடிய தூரத்தில் உள்ளவை.

இவற்றைக் குறித்து ஒப்பாரிகள் உள, கவிதைகள் உள, நினைவுத் தூண்கள் உள. 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மட்டக்களப்பிலும் அமர்ந்தது. அதன் முன் வந்து பேசியோர் பெரும்பாலும் இழந்தோர். பிள்ளையைத் தேடும் தாய்மார், கணவனைத் தேடும் மனைவியர். அவர்கள் கண்ணகியின் பாத்திரத்தை ஏற்றவர்கள். சிலம்பு அவர்கள் கையில் உளது. எதிரே சிம்மாசனம் வெறிதாக இருக்கிறது. இழந்தோரின் பாட்டு எங்களிடம் நிறைய உண்டு. இழைத்தவனின் பாட்டு ஒன்றேனும் இல்லை. அவன் நொண்டியாகவேனும், அரைகுறையாகவேனும், வேறொருவர்மேற் பழியைப் போட்டுக்கொண்டேனும் ‘நான்’ என்று தொடங்கும் ஒரு பாட்டு இல்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். குற்றத்தை விசாரிக்க வேண்டியது நீதிமன்றம்; அதைப் பாட்டிடம் எதிர்பார்ப்பது பொருந்துமா? மேலும், கொன்றவன் பாடினால் அதையும் இசைத்தட்டாக்கி விற்போர் வருவர், பொல்சத்தில் ஆரவாரத்தைச் சேர்த்தது போல இங்கும் கைதட்டல் சேர்க்கப்படும் என்று அஞ்சுவதற்கு இடமுண்டு. இழந்தவர் செவியில் அப்பாட்டு மறுபடியும் ஒரு காயமாகவே விழலாம். இத்தடை வலியது. பாட்டு நீதிக்கு மாற்றாகாது என்பதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நீதிமன்றம் ஒருவன் செய்தான் என்று நிறுவ மட்டுமே வல்லது. ‘யான் செய்தேன்’ என்று அவனே உணர்ந்து சொல்லுமாறு செய்விக்க அதற்கு ஆற்றலில்லை. அச்சொல்லை எவ்வாறு சொல்வது, எந்த மெட்டிற் சொல்வது, சொல்லிவிட்டு எவ்வாறு நிற்பது என்பனவற்றை ஒரு சமூகம் தன் கலைகளிலிருந்தே கற்கிறது. நொண்டியைச் சிரித்துக் கடந்துவிட்ட சமூகத்திடம் அதற்குச் சொல் இல்லாமற் போவது வியப்பன்று.

தமிழ்ச் சங்கமொன்றின் மலரிலே எழுதுகிறேன். ஆதலின் வந்தாறுமூலையையும் சத்துருக்கொண்டானையும் பாடும்படி பிறரைக் கேட்பதற்கு முன், காத்தான்குடியையும் ஏறாவூரையும் எம்மவர் வாயாற் பாடும் பாட்டு ஏன் இல்லை என்று கேட்பதே முறை. அவ்விரவுகளில் துப்பாக்கி ஏந்திச் சென்றோர் தமிழ் பேசினர் என்றே தப்பியோர் சாட்சி கூறினர். எனக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, நான் பிறக்கவே இல்லை என்று சொல்வது எளிது, உண்மையுமாகும். பாண்டியனும் கோவலனைத் தன் கையால் வெட்டியவனல்லன்.

நம் கூத்திலே ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் பழகத் தொடங்கும் காலத்திலே, ஊரார் கூடியிருக்க, அண்ணாவியார் இன்னார்க்கு இன்ன பாத்திரம் எனத் தீர்மானித்து, அவரவர் பாட்டுகள் எழுதிய கொப்பியை அவரவர் கையிற் கொடுப்பார். சட்டங் கொடுத்தல் என்பர். தருமனுக்கும் அருச்சுனனுக்கும் ஆள் எளிதிற் கிடைக்கும். துரியோதனனுக்கும் கிடைக்கும், அவன் ஆட்டம் மிடுக்கானது. பலமாதம் பழகி, சலங்கை கட்டி, களரியேறி, விடியும்வரை ஆடுவர். மறுநாள் காலையில் துரியோதனனாக ஆடியவன் வலையோடு தோணியிற் போவான். அவன் அண்டை வீட்டான் என்பதை யாரும் மறப்பதில்லை, அவன் துரியோதனனாக நின்றான் என்பதையும் மறப்பதில்லை.

1990இன் நொண்டிக்கு ஒருவர் பாட்டுக் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். கொப்பி எழுதியாயிற்று. ஊரார் கூடியுள்ளனர், காத்தான்குடியிலிருந்தும் சிலர் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அண்ணாவியார் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒருமுறை பார்க்கிறார். மத்தளக்காரர் இன்னும் தட்டத் தொடங்கவில்லை.